பிளாப்பி இன்னும் இருக்கு, ஐடிஇ போயிருச்சு: லினக்ஸ் கெர்னல் எதைக் கைவிடுது, ஏன்?

[எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகக் கொஞ்சம் சுருக்கியும் திருத்தியும் தந்திருக்கிறோம்.]

வழக்கமா ஒரு புது வெர்ஷன் வந்தா அதுல என்ன சேர்த்தாங்கன்னு பேசுவோம். இன்னிக்கு என்ன எடுத்தாங்கன்னு பேசப் போறோம்.

2021 ஆகஸ்ட் 29-ஆம் தேதி லினக்ஸ் கெர்னல் 5.14 வெளியாச்சு. அதுல இருந்து 40 ஆயிரம் வரிக்கும் மேல கோடு காணாமப் போயிருந்தது. ஐடிஇ ஹார்ட் டிஸ்க்குகளுக்காக 1990-கள்ல இருந்து இருந்த டிரைவர் தொகுப்பை மொத்தமா நீக்கிட்டாங்க. ஐடிஇன்னா என்னன்னு 2005-க்கு அப்புறம் பிறந்தவங்களுக்குத் தெரியாம இருக்கலாம். பழைய கம்ப்யூட்டரைத் திறந்தா உள்ள பட்டையா, சாம்பல் நிறத்துல, ரிப்பன் மாதிரி ஒரு கேபிள் போகும் பாருங்க, 40 ஊசி வெச்ச கனெக்டர். அதுல மாட்டுற டிஸ்க்தான் ஐடிஇ.

"அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், என் லேப்டாப்ல எஸ்எஸ்டி இருக்கே"ன்னு கேக்கலாம். எனக்குச் சம்பந்தம் இருக்கு. என் சொந்த ஊர் திருப்பாலைக்குடி. ராமநாதபுரத்துல இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில தேவிபட்டினம் தாண்டி தொண்டி போற வழியில, பாக் ஜலசந்தி ஓரம் இருக்கு. அங்க என் மாமா 2000-களின் தொடக்கத்துல இருந்து ஒரு போட்டோ ஸ்டூடியோ வெச்சிருந்தார். கூடவே டிடிபி வேலையும் பண்ணுவார். மீனவர் அடையாள அட்டைக்குப் படம், வளைகுடாவுக்குப் போறவங்களுக்குப் பாஸ்போர்ட் படம், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாமே அந்த ஒரே கடையிலதான். கடையை மூடி ரொம்ப நாளாச்சு. கம்ப்யூட்டரும் ஒரு டப்பா பிளாப்பியும் பரண்ல இருக்கு. உள்ள இருக்கிறது 40 ஜிபி ஐடிஇ டிஸ்க்.

மாமாவோட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "மாப்ள, லினக்ஸ்லயே இதுக்குச் சப்போர்ட்டை எடுத்துட்டாங்களாமே. அப்ப இதை இரும்புக்குப் போட்டுரவா?"

அவசரப்பட்டு ஆமான்னு சொல்லக் கூடாத கேள்வி இது. ஒவ்வொண்ணாப் பாக்கலாம்.

கெர்னல்னா ஏலக்காரர்

எங்க ஊர்ப் பக்கம் கரையில மீன் ஏலம் நடக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? படகுக்காரர் ஒரு பக்கம், வியாபாரி ஒரு பக்கம், நடுவுல ஏலம் விடுறவர். வியாபாரிக்கு எந்தப் படகு, என்ன வலை, எத்தனை மணிக்குக் கரை சேர்ந்துச்சுங்கிற விவரமெல்லாம் தேவையில்ல. ஏலக்காரர்கிட்ட கேட்டா சரக்கு கிடைக்கும். கெர்னல் செய்யுறது அந்த நடு வேலை. நீங்க பயன்படுத்துற செயலிகள் வியாபாரிகள். ஹார்ட் டிஸ்க், பிளாப்பி, பென் டிரைவ் எல்லாம் படகுகள். "இந்தப் படத்தைத் திற"ன்னு செயலி கேக்கும். அது எந்த டிஸ்க்ல எந்த மூலையில இருக்குன்னு பார்த்து எடுத்துக் கொடுக்கிறது கெர்னல்.

ஆனா ஏலக்காரருக்கு எல்லா வகைப் படகோட பழக்கமும் தெரியாது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஆள் வெச்சிருக்கார்னு நெனச்சுக்கங்க. நாட்டுப்படகுக்கு ஒருத்தர், விசைப்படகுக்கு ஒருத்தர். அந்த ஆள்தான் டிரைவர். ஐடிஇ டிஸ்க்கோட எப்படிப் பேசணும், அது பதில் சொல்ல லேட் ஆனா என்ன செய்யணும், பாதியில மக்கர் பண்ணா எப்படித் திரும்பக் கேக்கணும்னு டிரைவருக்குத்தான் தெரியும்.

இப்ப ஒரு வகைப் படகு வர்றதே நின்னு போச்சு. அந்த ஆளைச் சும்மா உக்கார வெச்சிருந்தா என்ன நஷ்டம்? பெரும்பாலானவங்க கேக்குற கேள்வி இதுதான். "கோடுதானே, பாட்டுக்கு ஓரமா கெடக்கட்டுமே!"

ஓரமா கெடக்கிற கோடு சும்மா கெடக்காது

முதல் காரணம், ஏலத்தோட விதிமுறை மாறிக்கிட்டே இருக்கும். கெர்னலோட உள் அமைப்பு ஒவ்வொரு வெர்ஷனுக்கும் மாறுது. மாறும்போது அந்த மாற்றத்தைச் செய்றவர் எல்லா டிரைவரையும் தொட்டுத் திருத்தணும், யாருமே பயன்படுத்தாத டிரைவரையும் சேர்த்து. திருத்தினது வேலை செய்யுதான்னு பார்க்க அவர்கிட்ட அந்த ஹார்டுவேர் இருக்காது. கம்பைல் ஆனா போதும்னு விட்டுருவாங்க. இப்படிப் பத்து வருஷம் போனா அந்த டிரைவர் நிஜமாவே ஓடுமான்னு யாருக்கும் தெரியாது.

இதுக்கு நல்ல உதாரணம் ரெய்சர்எஃப்எஸ். இது ஹார்டுவேர் இல்ல, டிஸ்க்குக்குள்ள ஃபைல்களை அடுக்கி வைக்கிற ஒரு முறை. 2001-ல கெர்னலுக்குள்ள வந்தது. ஒரு காலத்துல சூசே லினக்ஸ் நிறுவினா தானா தேர்வாகுறது இதுதான். 2022-ல கெர்னல் டெவலப்பர்கள் உள்ளே இருந்த ஒரு பழைய ஏற்பாட்டைத் துடைக்கலாம்னு பார்த்தாங்க. பார்த்தா, அதைப் பயன்படுத்திக்கிட்டு மிச்சம் இருந்தது ரெய்சர் மட்டும்தான். ஒரே ஒரு படகுக்காக மொத்தச் சந்தையும் பழைய விதியைத் தூக்கிச் சுமக்க வேண்டியதா இருந்தது.

ரெண்டாவது காரணம் பாதுகாப்பு. 2015 மே மாசம் 'வெனம்'னு ஒரு ஓட்டை வெளியில வந்துச்சு. இது லினக்ஸ் கெர்னல்ல இல்ல, கியூஎம்யூங்கிற மென்பொருள்ல. ஒரே சர்வருக்குள்ள பல போலிக் கம்ப்யூட்டர்களை ஓட்ட அது உதவும். அந்தப் போலிக் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு போலி பிளாப்பி டிரைவும் இருந்தது. 2004-ல இருந்தே அதுல பிழை இருந்திருக்கு. அந்த வழியா ஒரு வாடிக்கையாளரோட இடத்துல இருந்து வெளியேறி மொத்த சர்வரையும் பிடிக்க வாய்ப்பு இருந்தது. நிர்வாகி பிளாப்பியை அணைச்சு வெச்சிருந்தாலும் சில அமைப்புகள்ல அந்தக் கோடு உயிரோடதான் இருந்தது. யோசிச்சுப் பாருங்க, கிளவுட் சர்வர்ல பிளாப்பி போடப் போறது யாரு? யாரும் இல்ல. அதனாலதான் 11 வருஷமா யாரும் அதைத் திரும்பிப் பார்க்கல.

அப்ப பிளாப்பி எப்படித் தப்பிச்சது?

இங்கதான் எனக்கு ஆச்சரியம். ஐடிஇயை விடப் பிளாப்பி பழசு. சோனி 2011-லயே ஜப்பான்ல பிளாப்பி விற்பனையை நிறுத்திருச்சு. நம்ம நாட்டுல 2003-ல மின்னணு டிடிஎஸ் தாக்கல் வந்தப்போ கணக்கைப் பிளாப்பியிலயோ சிடியிலயோ கொண்டுபோய்க் கொடுத்தோம். இப்ப ஆபீஸ்ல யார்கிட்டயாவது பிளாப்பியைக் காட்டுனா, "சேவ் பட்டனை யாரு த்ரீடி பிரிண்ட் எடுத்தது"ன்னு கேப்பாங்க.

ஆனாலும் லினக்ஸ் கெர்னல்ல பிளாப்பி டிரைவர் இன்னும் இருக்கு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல எழுத ஆரம்பிச்ச ஃபைல்கள்ல அதுவும் ஒண்ணு. ஐடிஇ தொகுப்பு போயிருச்சு.

2019 ஜூலைல பிளாப்பிக்கும் சீட்டு கிழியப் பாத்துச்சு. அப்ப அதுக்குப் பொறுப்பா இருந்தவர்கிட்ட வேலை செய்யுற பிளாப்பி டிரைவே இல்லாமப் போச்சு. லினஸ் அந்த டிரைவருக்கு 'அநாதை'ன்னு குறிச்சார். கெர்னல் உலகத்துல இது ஒரு அதிகாரபூர்வ நிலை. கவனிக்க ஆள் இல்லைன்னு அர்த்தம். இப்ப கடையில கிடைக்கிறது யூஎஸ்பி பிளாப்பி டிரைவ்தான், அதுக்கு இந்தப் பழைய டிரைவர் தேவையே இல்லைன்னும் காரணம் எழுதினார்.

ஆனா அந்தச் சமயத்துல அதுல இருந்த பிழைகளைச் சரி பண்ணிக்கிட்டிருந்த டெனிஸ் எஃப்ரெமோவ் பிறகு பொறுப்பை ஏத்துக்கிட்டார். நிலை 'அநாதை'யில இருந்து 'நேரம் கிடைக்கும்போது திருத்தம்'னு மாறுச்சு. ஒரு ஆள் கை தூக்கினார், டிரைவர் பிழைச்சது.

நான் சொல்ல வர்ற விஷயமே இதுதான். கெர்னல்ல ஒரு பொருளுக்குச் சப்போர்ட் போறது அது பழசாச்சுங்கிறதால இல்ல. மாட்டிப் பார்த்து, "ஓடுது" அல்லது "ஓடல"ன்னு சொல்ல ஆள் இல்லாமப் போறதால.

ஐடிஇக்கு என்ன ஆச்சு?

"40 ஆயிரம் வரி நீக்கம்"னு தலைப்பு வந்தா ஐடிஇ டிஸ்க்கே இனி ஓடாதுன்னு தோணும். அப்படி இல்ல. ஐடிஇ டிஸ்க்கோட பேச லினக்ஸ்ல பல வருஷமா ரெண்டு வழி இருந்தது. ஒண்ணு பழைய தொகுப்பு. இன்னொண்ணு 'லிப்ஏடிஏ'. 2003 வாக்குல சாட்டா டிஸ்க்குகள் வந்தப்போ ஜெஃப் கார்ஸிக் எழுத ஆரம்பிச்சது. அதுவே பின்னாடி பழைய ஐடிஇ டிஸ்க்கையும் கவனிக்கக் கத்துக்குச்சு. பழைய லினக்ஸ் ஆட்கள் டிஸ்க்கை 'எச்டிஏ'ன்னு கூப்பிடுறதையும், இப்ப உள்ளவங்க 'எஸ்டிஏ'ன்னு கூப்பிடுறதையும் கேட்டிருப்பீங்க. அந்தப் பேர் மாற்றம்தான் இந்த மாறுதலோட அடையாளம்.

ஒரே வேலைக்கு ரெண்டு ஆள். அதுல பழைய ஆளைத்தான் 2021-ல அனுப்பினாங்க. கிறிஸ்டோஃப் ஹெல்விக் முன்னாடி நின்னு அந்த வேலையை முடிச்சார். அதுவும் உடனே நடக்கல. அட்டாரி, அமிகா மாதிரி 1990-கள் காலத்துக் கம்ப்யூட்டர்களை இன்னும் ஆசையா ஓட்டுறவங்க இருக்காங்க. அவங்களுக்கும் லிப்ஏடிஏல டிரைவர் வர வேண்டியிருந்தது. மெஷின் கையில இருக்கிறவங்க சோதிச்சுச் சொன்னாங்க. அதுக்கு அப்புறம்தான் பழசு வெளியே போச்சு.

ரெய்சர் கதை வேற. அதுக்கு மாற்று ஆள் இல்ல, அது முழுக் கைவிடல்தான். ஆனா அங்கயும் 2022-லயே எச்சரிக்கை போட்டுட்டாங்க. இன்னும் பயன்படுத்துறவங்க மாறிக்க நேரம் கொடுத்தாங்க. 2025 ஜனவரியில வந்த 6.13-லதான் அது கெர்னலை விட்டுப் போச்சு. எங்க எல்காட் நிறுவனம் 2007 வாக்குல சூசே லினக்ஸுக்கு மாறினது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்து சூசே டிஸ்க் யாராவது பீரோவுல வெச்சிருந்தா, முதல்ல அதை எடுத்துப் பாருங்க. ரெய்சரா இருக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு சந்தேகமும் வரும். "2011-ல இருந்து தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச லேப்டாப் என்கிட்ட இருக்கு, அதுல பாஸ் லினக்ஸ் போட்டிருந்தாங்க, அது போயிருமா?" போகாது. அது சாட்டா டிஸ்க். ஐடிஇ நீக்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

கேக்காத குரல்

ஒரு நியாயமான குறையும் இதுல இருக்கு. ஒரு டிரைவரை எடுக்கிறதுக்கு முன்னாடி டெவலப்பர்கள் பொதுவுல கேப்பாங்க: யாராவது பயன்படுத்துறீங்களா? பதில் வரலைன்னா யாரும் இல்லைன்னு எடுத்துக்குவாங்க. அந்தக் கேள்வி ஆங்கிலத்துல, அவங்களுக்குள்ள ஓடுற மடல் குழுவுல வரும். திருப்பாலைக்குடியில பரண்ல ஐடிஇ டிஸ்க் வெச்சிருக்கிறவர் காதுக்கு அது வந்து சேர வழியே இல்ல. அவர் மௌனத்தையும் "இல்லை"ன்னு எண்ணிக்குவாங்க.

அவங்களைக் குறை சொல்லியும் பயனில்ல. ஒரு ஆள் தன் சாயங்கால நேரத்துல செய்யுற வேலைக்கு நாம காலக்கெடு விதிக்க முடியாது. ஒரு ஆறுதல் என்னன்னா, நீக்கம் இனி வரப்போற கெர்னலுக்கு மட்டும்தான். பழைய கெர்னல் எதையும் யாரும் உங்க கையில இருந்து பிடுங்கல. 2020 டிசம்பர்ல வந்த 5.10-ல பழைய ஐடிஇ தொகுப்பு முழுசா இருக்கு. பழைய லைவ் சிடியை இறக்கி இன்னிக்கும் பூட் பண்ணலாம். இன்டர்நெட் இணைப்பு மட்டும் கொடுக்காதீங்க, பாதுகாப்புத் திருத்தம் அதுக்கு வராது.

மாமாவோட டப்பா

ஊர்ல ஒரு அத்தை மாமாகிட்ட வந்து கேட்டிருந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் இறந்து சில வருஷம் ஆச்சு. அவர் தனியா எடுத்துக்கிட்ட படம்னு இருந்தது மீனவர் அட்டைக்காக மாமா கடையில எடுத்தது ஒண்ணுதான். அட்டையில இருந்த பிரதி ஈரம் பட்டு அழிஞ்சு போச்சு. இந்த டிஸ்க்கை விட்டா அவர் முகம் வேற எங்கயும் இல்ல.

நாங்க செஞ்சது இதுதான். ரிச்சி தெருவுல 'ஐடிஇ டு யூஎஸ்பி கன்வெர்ட்டர்' கேட்டு வாங்கினேன், டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கிற தனி அடாப்டரோட சேர்த்து. டிஸ்க் பின்னாடி இருக்கிற குட்டி ஜம்பரை 'மாஸ்டர்'ல வெச்சோம். லேப்டாப்ல புது லினக்ஸ்தான், ஐடிஇ தொகுப்பு இல்லாத கெர்னல். டிஸ்க் தெரிஞ்சுச்சு. ஏன்னா கன்வெர்ட்டருக்குள்ள இருக்கிற சிப்பே ஐடிஇயோட பேசிக்குது. லேப்டாப்புக்கு அது வெறும் பென் டிரைவ் மாதிரிதான். மாமா பயந்த அந்த நீக்கம் எங்க வழியிலயே குறுக்க வரல.

குறுக்க வந்தது உப்புக் காத்து. கனெக்டர் ஊசியில பச்சை பிடிச்சிருந்தது. டிஸ்க் சில இடங்கள்ல படிக்க மறுத்தது. அதனால ஃபைல் ஃபைலா இழுக்காம, 'டிடி-ரெஸ்க்யூ'ங்கிற கருவியால முழு டிஸ்க்கையும் ஒரே படிவமா நகல் எடுத்தோம். அது நல்லாப் படிக்கிற பகுதியை முதல்ல எடுத்துட்டு, அடம்பிடிக்கிற இடத்துக்குக் கடைசியில திரும்பி வரும். நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். சாகக் கிடக்கிற டிஸ்க்கை ரொம்ப நேரம் சுத்த விடாம வேலையை முடிக்க இதுதான் வழி.

அந்த அத்தை கேட்ட படம் கிடைச்சது. முகம் முழுசா இருக்கு. சட்டைக் காலருக்குக் கீழ சாம்பல் பட்டை, அந்தப் பகுதி டிஸ்க்ல அழிஞ்சிருக்கு. அவங்களுக்கு முகம் போதும்னாங்க.

பிளாப்பிகளுக்கு யூஎஸ்பி டிரைவ் ஒண்ணு இரவல் வாங்கினோம். லினஸ் சொன்ன மாதிரியே பழைய பிளாப்பி டிரைவருக்கு வேலையே வரல. ஆனா பாதிக்கு மேல படிக்கல. உள்ள இருக்கிற காந்தத் தகட்டுல பூஞ்சை. படிச்ச பிளாப்பிகள்லயும் கல்யாணப் பத்திரிகைகள் அன்னிக்கு இருந்த தனித்தனி தமிழ் ஃபான்ட்ல அடிச்சவை. ஃபான்ட் இல்லாம திறந்தா வெறும் குறிகளாத் தெரியுது. கெர்னலால அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. டிஸ்க்ல இருந்த பிட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்கிறதோட அதோட வேலை முடிஞ்சது.

ஆக, மாமா கேள்விக்கு என் பதில்: இரும்புக்குப் போடலாம், நகல் எடுத்த பிறகு. உங்க டேட்டாவுக்குக் கெடு வைக்கிறது கெர்னல் வெர்ஷன் இல்ல. காத்தும் ஈரமும் துருவும்தான். அதுங்க யாருக்கும் முன்கூட்டி எச்சரிக்கை போடுறதில்ல.

நீங்க செய்ய வேண்டியது

வீட்டுல, கடையில, ஊர்ல பழைய டிஸ்க் இருந்தா இந்த நாலு விஷயத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.

ஒண்ணு, பழைய கம்ப்யூட்டரை நேரா ஆன் பண்ணிப் பார்க்காதீங்க. டிஸ்க்கைக் கழட்டி, கனெக்டரைச் சுத்தம் பண்ணி, கன்வெர்ட்டர்ல மாட்டுங்க.

ரெண்டு, விண்டோஸ்ல மாட்டும்போது "ஃபார்மேட் செய்யவா?"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க. அதுக்குப் புரியாத முறையில எழுதின நல்ல டிஸ்க்கா இருந்தாலும் அப்படித்தான் கேக்கும்.

மூணு, முதல்ல முழு நகல், அப்புறம்தான் தேடல். தேடுறதெல்லாம் நகல்ல. அசல்ல எதையும் எழுதாதீங்க.

நாலு, எடுத்த நகலை ரெண்டு இடத்துல வைங்க. ஒண்ணாவது கடலோரம் இல்லாத ஊர்ல இருக்கட்டும்.

உங்க வீட்டுல யார்கிட்ட இந்த மாதிரி டப்பா இருக்குன்னு இந்த வாரமே ஒரு போன் போட்டுக் கேளுங்க. டிஸ்க் சுத்துது ஆனா படிக்கலைன்னா, என்ன சத்தம் வருதுன்னு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அதை வெச்சே ஒரு எபிசோடு பண்ணலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.